அரியலூரும் அழகேசனும்

எங்கள் கடம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நாலைந்து ஓய்வூதியக்காரர்கள் உட்கார்ந்திருப்போம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் யாரும் இல்லை, பழக்கம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் சீசன் டிக்கெட்டில் போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் சாயங்காலம் முடிவதில்லை.

2024 அக்டோபரில் ஆயுத பூஜை அன்று இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் மேல் மோதியது. நம் மாவட்டம்தான், கும்மிடிப்பூண்டி மார்க்கம். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. பத்தொன்பது பேருக்குக் காயம் என்றார்கள். மறுநாள் எங்கள் பெஞ்சில் வேறு பேச்சே இல்லை. ஒரு நண்பர் வழக்கம்போல ஆரம்பித்தார்: "அந்தக் காலத்துல சாஸ்திரி இருந்தாரு பாருங்க சார், ஆக்சிடென்ட் ஆச்சுன்னதும் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாரு. இப்ப யாரு போறாங்க?"

ரயில் விபத்து என்றாலே இந்த வாக்கியம் வரும். எல்லோரும் தலையாட்டுவோம். ஆனால் அதே விபத்துக்காக நம் ஜில்லாக்காரர் ஒருவர் பட்ட பாடு யாருக்கும் நினைவில்லை. நான் கேட்டேன். இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் பெயர் ஞாபகம் இருந்தது, அதுவும் ஒரு தேர்தல் கோஷம் வழியாக. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓ.வி. அழகேசன் 1911-இல் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓழலூரில் பிறந்தவர். அவருடைய இனிஷியலில் இருக்கும் 'ஓ' அந்த ஊர்தான். அப்போது நம் திருவள்ளூரும் செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997-இல். சுதந்திரப் போராட்டக்காரர், அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தவர். 1952 முதல் பொதுத்தேர்தலில் செங்கல்பட்டுத் தொகுதியில் ஜெயித்து டெல்லி போனார். நேரு அவரை ரயில்வே, போக்குவரத்துத் துறைகளின் துணை மந்திரி ஆக்கினார். மூத்த மந்திரி லால் பகதூர் சாஸ்திரி.

அந்த இலாகாவின் பெயரைக் கவனிக்க வேண்டும். 'ரயில்வே மற்றும் போக்குவரத்து' என்று சேர்த்தே இருந்தது. ரயில் மட்டும் அல்ல. சாலை, மோட்டார் போக்குவரத்து, துறைமுகம், கப்பல், இவற்றோடு அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்த சுற்றுலாவும் அதற்குள்தான். இன்றைக்கு டெல்லியில் இதற்கெல்லாம் தனித்தனி கேபினட் மந்திரிகள், தனித்தனிக் கட்டடங்கள். அன்றைக்கு ஒரே மேஜை. நாட்டில் ஒரு மூட்டை நெல்லோ ஒரு மனிதரோ எந்த வழியாக எங்கே போனாலும், அதைப்பற்றிக் கேட்க வேண்டிய இடம் ஒன்று, பதில் சொல்ல வேண்டியவர்கள் இருவர்.

பாராளுமன்றத்தில் கேள்வி நேரம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சபை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு. உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், குறி இல்லாததற்கு எழுத்தில் போதும். எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் தயாரித்த பதிலை யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். சங்கடம் அதற்குப் பிறகுதான். துணைக்கேள்வி என்று ஒன்று உண்டு. முன்னால் உட்கார்ந்திருப்பவர், பக்கத்தில் இருப்பவர், சொந்தக் கட்சிக்காரர், யார் வேண்டுமானாலும் எழுந்து, "அப்படியானால் இது ஏன்?" என்று கேட்கலாம். அதற்குக் காகிதத்தில் பதில் இருக்காது. தன் இலாகா தெரிந்த மந்திரி யார், தெரியாதவர் யார் என்பது அந்த நிமிஷத்தில் வெளியாகிவிடும். தெரியாவிட்டால், "தகவல் பெற்றுத் தருகிறேன்" என்று தப்பிக்கலாம். ஆனால் எத்தனை முறைதான் அப்படிச் சொல்வது?

அந்தக் காலத்து லோக்சபா நடவடிக்கைக் குறிப்புகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. கண் ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து வாசிக்கச் சிரமம்தான், ஆனாலும் புரட்டிப் பார்க்கிறேன். ரயில்வே கேள்வி வருகிற நாட்களில் பதில் சொல்கிறவர் பெயராக அழகேசன் திரும்பத் திரும்ப வருகிறார். துணை மந்திரியின் வேலை அதுதான். பெருமை மூத்தவருக்கு, பதில் சொல்லும் பாரம் இளையவருக்கு. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அவர்கள் கையில் வந்த ரயில்வே எந்த நிலையில் இருந்தது என்று பார்த்தால்தான் அந்தக் கேள்விகளின் கனம் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் இங்கிருந்த இன்ஜின்களையும் வேகன்களையும் தண்டவாளத்தையும்கூட மத்திய கிழக்குக்குக் கப்பலேற்றினான். நம் பக்கத்தில் மதுரை – போடிநாயக்கனூர் பாதையை யுத்த காலத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் அது மறுபடி போடப்பட்டது. இருந்த வண்டிகள் வயதாகித் தேய்ந்தவை. பிரிவினையில் பாதைகளும் பணிமனைகளும் போயின. பல கம்பெனிகளின், பல சமஸ்தானங்களின் ரயில்வேக்களை ஒன்றாகக் கட்டி மண்டலங்களாக்கும் வேலையை என். கோபாலசுவாமி ஐயங்கார் மந்திரியாக இருந்தபோது தொடங்கினார்கள். முதலில் பிறந்தது நம் தென்னக ரயில்வேதான், 1951 ஏப்ரல் 14 அன்று. எங்கள் ஊர் வழியாகப் போவது பழைய மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை. எம்.எஸ்.எம். என்று என் தகப்பனார் சொல்லுவார். தென்னக ரயில்வே ஆகிப் பல வருஷம் கழித்தும் அவருக்கு அது எம்.எஸ்.எம்.தான்.

1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐ.சி.எஃப். திறப்பு விழா. நேரு வந்தார். சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் நம் கையாலேயே ரயில் பெட்டி. அந்தத் தொழிற்சாலையில் கடம்பத்தூரிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம். மொத்தம் 4,800 கோடி, அதில் ரயில்வேக்கு மட்டும் 900 கோடி. உருக்கு ஆலை வருகிறது, நிலக்கரி போக வேண்டும், இரும்புத்தாது போக வேண்டும், இருக்கிற வண்டி இதை இழுக்குமா என்பதுதான் அன்றைய பெரிய கவலை. நாட்டில் போகும் சரக்கில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு அப்போது ரயிலில்தான் போனது. இன்றைக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் நம்பிவிடுவீர்கள், அத்தனை லாரி.

அதே 1956-இல் சாலைக்காக இரண்டு சட்டங்கள் வந்தன. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் ஒன்று. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பெரிய திருத்தம் இன்னொன்று. மாநில அரசுகள் பஸ் வழித்தடங்களைத் தாங்களே எடுத்து நடத்த வழிவகுத்தது அந்தத் திருத்தம்தான். நாம் பின்னாளில் ஏறி இறங்கிய அரசு பஸ்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. ரயிலுக்கு நஷ்டம் வராமல் லாரியை எவ்வளவு தூரம் ஓட விடலாம், பஸ்ஸை யார் ஓட்டலாம், பணத்தைத் தண்டவாளத்தில் போடுவதா தார் ரோட்டில் போடுவதா என்பதுதான் தேசியப் போக்குவரத்துக் கொள்கை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது. கேள்வி அன்றைக்கும் இதுதான், இன்றைக்கும் இதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 1956 வந்தது. எங்கள் பாதைக்கு அது நூறாவது வருஷம்.

செப்டம்பர் 2 அன்று ஹைதராபாத் மாநிலத்து மெஹபூப்நகர் பக்கத்தில் மழையில் பாலம் இடிந்து ரயில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 22 இரவு எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. விழுப்புரம் – திருச்சி கார்டு லைன், மீட்டர்கேஜ். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலை அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியபோது, பாலத்தை ஒட்டிய கரை மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது என்பார்கள். இன்ஜினும் முன்பக்கத்துப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் சுமார் நூற்றைம்பது பேர்.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் தகப்பனார் இதே செக்‌ஷனில் கேங்மேன். மழைக்காலத்தில் அவருக்கு ராத்திரி பேட்ரோல் டூட்டி வரும். தெரியாதவர்களுக்கு அது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். தலையில் கோணி, தோளில் பை, கையில் விளக்கு. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு சின்னப் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் வருவார். நடுவில் சந்தித்துப் புத்தகங்களை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆள் உண்மையில் நடந்தாரா, எங்கேயாவது ஒதுங்கித் தூங்கினாரா என்பது அந்தப் புத்தகத்தில் தெரிந்துவிடும். பையில் டெட்டனேட்டர் வைத்திருப்பார்கள், தண்டவாளத்தின் மேல் கட்டுகிற வெடி. பாதை உடைந்திருந்தால் அங்கேயே நின்று கூச்சல் போட்டுப் பிரயோஜனம் இல்லை. வண்டி வருகிற திசையில் சிவப்பு விளக்கோடு ஓடி, வெடியைக் கட்டிவிட்டு நிற்க வேண்டும். சக்கரம் ஏறினதும் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். இரண்டு பக்கமும் வண்டி வரும் பாதையாக இருந்தால் ஒரு ஆள் எந்தப் பக்கம் முதலில் ஓடுவது?

கூவமும் குசஸ்தலையாறும் பிரிகிற கேசாவரம் அணைக்கட்டு எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. மழை பிடித்தால் எங்கள் பக்கத்து ஓடைகள் எப்படி மாறும் என்று இங்கே பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரியலூர்ச் செய்தி வந்த வாரம் எங்கள் அம்மா தகப்பனாரை டூட்டிக்கு அனுப்பும்போது ஒன்றும் பேசவில்லை. விளக்குத் திரியை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள். அது எனக்கு நினைவிருக்கிறது.

டெல்லியில் சாஸ்திரி மறுபடி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணம் அல்ல, அவரைவிட நல்ல சகா யாருக்கும் கிடைக்காது, ஆனாலும் அரசியல் சட்ட மரபுக்கு ஒரு முன்மாதிரி வேண்டும், அதனால் ஏற்கிறேன் என்ற பொருளில் நேரு சபையில் பேசினார். அப்போது சபாநாயகர் நாற்காலியில் இருந்தவரும் நம் பக்கத்து மனிதர்தான், திருப்பதிக்காரர் எம். அனந்தசயனம் ஐயங்கார். டிசம்பரில் ஜகஜீவன் ராம் ரயில்வேக்கு வந்தார்.

சாஸ்திரியின் ராஜினாமா அன்றிலிருந்து பாடப்புத்தகக் கதை ஆகிவிட்டது. நானும் பள்ளிக்கூடத்தில் படித்தேன், என் பேரனும் படித்தான். ஆனால் அடுத்த சில மாதங்களில் 1957 பொதுத்தேர்தல். தி.மு.க. முதல் முறையாகத் தேர்தலில் நின்றது. அவர்கள் மேடையில் எதுகை மோனைக்குப் பஞ்சமா? அரியலூரையும் அழகேசனையும் சேர்த்து, 'ஆண்டது', 'மாண்டது' என்ற இரண்டு சொல்லையும் எதுகையாக்கி, போதாதா என்று கேட்டு ஒரு கோஷம் கட்டினார்கள். பெரியவர்களுக்கு முழுவதும் ஞாபகம் இருக்கும், நான் எழுதவில்லை. அது தீப்போலப் பரவியது. சுவரெல்லாம் அதுதான். மூத்தவர் விலகித் தியாகி ஆனார், இளையவர் தேர்தலுக்கு நின்று குற்றவாளி ஆனார். அழகேசன் செங்கல்பட்டில் தோற்றார்.

கோஷம் மட்டும்தான் அவரைத் தோற்கடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளூர்க் கணக்குகள் எத்தனையோ இருந்திருக்கும். ஆனால் நாங்கள் சிறுவர்கள் அதைத் தெருவில் கத்திக்கொண்டு ஓடினோம் என்பது உண்மை. அழகேசன் யார், அரியலூர் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. சொல்ல வாய்க்கு நன்றாக இருந்தது.

ஒருநாள் அப்படிக் கத்திக்கொண்டு வரும்போது தகப்பனார் டூட்டி முடிந்து எதிரில் வந்துவிட்டார். கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு கேட்டார்.

"யார்றா அழகேசன்?"

"தெரியாதுப்பா."

"அன்னிக்கு ராத்திரி அந்தப் பாலத்துல பேட்ரோல் போனவன் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஆனா என்னை மாதிரி ஒருத்தன்தான். மந்திரி போயிட்டாரு, இன்னொரு மந்திரி வந்துட்டாரு. அவன் என்ன ஆனான்னு எவனாச்சும் கேட்டானா? நீ கேட்டியா?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து, "சின்னப் புள்ளகிட்ட என்ன பேச்சு இது?" என்று சத்தம் போட்டாள். அதோடு முடிந்தது. அவர் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை.

பல வருஷம் கழித்து, நானும் ஒரு அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடித்து, மேலே இருப்பவர் கையெழுத்துக்குக் கீழே இருப்பவர் பதில் சொல்வதைப் பார்த்த பிறகுதான், அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன என்று எனக்குப் புரிந்தது. விபத்து எப்படி நடந்தது என்பது ஒன்று. அதற்கு யார் பதில் சொல்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு நல்ல ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. ரயில் விபத்தை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர்கள் முன்பு ரயில்வே போர்டுக்குக் கீழேயே இருந்தார்கள். தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரிப்பது போல. 1941-இல் அவர்களை ரயில்வேயிலிருந்து பிரித்து, தபாலையும் விமானத்தையும் பார்த்த வேறொரு இலாகாவில் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றைக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சிவில் விமானத்துறையின் கீழ்தான் இருக்கிறார். பலருக்கு இது வேடிக்கையாகப் படும், ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் இல்லாததுதான் காரணம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் ஏற்பாடு குலைந்தது. 1957 தேர்தலுக்குப் பிறகு நேரு அமைத்த மந்திரிசபையில் ரயில்வே ஜகஜீவன் ராமிடம் தனியாக நின்றது. மற்ற போக்குவரத்தைத் தபால் தந்தியோடு சேர்த்துப் போக்குவரத்து, தகவல்தொடர்பு என்று ஒரு இலாகா ஆக்கினார்கள். அதற்கு மந்திரியாக வந்தவர் யார் தெரியுமா? சாஸ்திரியேதான். ராஜினாமா செய்து ஐந்தே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் தகுதி அப்படி. ஆனால் பாடப்புத்தகத்தில் இந்த வரியைப் போடுவதில்லை.

ரயிலும் ரோடும் தனித்தனி மந்திரியிடம் போன பிறகு, இரண்டையும் சேர்த்து யோசிக்கக் கமிட்டி போட வேண்டியதாயிற்று. 1959-இல் கே.சி. நியோகி தலைமையில் ஒன்று, கடைசி அறிக்கை வர 1966 ஆயிற்று. நடுவில் தலைவரே மாறினார். 1978-இல் பி.டி. பாண்டே தலைமையில் தேசியப் போக்குவரத்துக் கொள்கைக் கமிட்டி, 1980-இல் அறிக்கை. 2014-இல் ராகேஷ் மோகன் கமிட்டியின் பல தொகுதிகள் கொண்ட அறிக்கை. கனமான சரக்கு, நீண்ட தூரம் என்றால் ரயில். குறைந்த தூரத்துக்கு லாரி. இரண்டும் ஒன்றையொன்று தின்னக்கூடாது. எல்லா அறிக்கையின் சாரமும் ஏறக்குறைய இதுதான். இதைச் சொல்ல மூன்று கமிட்டி வேண்டுமா என்றால், எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர்கூடச் சிரிப்பார். சொல்ல ஆள் இருந்தது, செய்யத்தான் ஒரு மேஜை இல்லை. ரயில்வே மந்திரியைக் கேட்டால் ரயிலைப் பற்றிச் சொல்வார், நெடுஞ்சாலை மந்திரி எத்தனை கிலோமீட்டர் ரோடு போட்டோம் என்பார். இரண்டுக்கும் நடுவில் விழுகிற கேள்விக்கு எழுந்து நிற்க ஆள் கிடையாது.

நடுவில் விழுகிற கேள்வி என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். இங்கேயிருந்து அங்கே வேலைக்குப் போகும் பையன் ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை சென்னைக்குள் இறங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். ரோட்டில் போனால் ஊத்துக்கோட்டை வழியோ பெரியபாளையம் வழியோ இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு தண்டவாளமும் விரித்து வைத்த இரண்டு விரல் மாதிரி, நடுவில் குறுக்குக் கோடு கிடையாது. இப்போது எண்ணூர்ப் பக்கத்திலிருந்து திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் வரை வெளிவட்டச் சாலை போடுகிறார்கள். கன்டெய்னர் லாரிக்கு அது நல்லது. டிபன் பாக்ஸோடு போகிற பையனுக்கு என்ன என்று கேட்டால், அது ரயில்வேயா, நெடுஞ்சாலையா, மாநில அரசின் பஸ்ஸா? மூன்று பேருக்கும் பங்கு உண்டு, அதனால் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஒருகாலத்தில் இந்தக் கேள்வியின் பெரும்பகுதியை ஓழலூர்க்காரர் ஒருவரிடம் நேரில் கேட்டிருக்கலாம். அவர் எழுந்து, அரைகுறையாகவாவது பதில் சொல்லியிருப்பார்.

அழகேசன் கதை 1957-இல் முடியவில்லை. 1962-இல் அதே செங்கல்பட்டில் ஜெயித்தார். பெட்ரோலிய, ரசாயனத் துறையில் இணை மந்திரியாக இருந்தார். 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். எனக்குப் பதினேழு வயது, அந்த நாட்களை மறக்க முடியாது. பிப்ரவரி 11 அன்று மத்திய மந்திரி சி. சுப்பிரமணியமும் அழகேசனும் ராஜினாமா செய்தார்கள். யாரிடம்? அப்போது பிரதமராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. ஒன்பது வருஷத்துக்கு முன் ராஜினாமாக் கடிதம் கொடுத்துப் பெயர் வாங்கியவர் கையில், அன்று அவருக்குத் துணையாக இருந்தவர் தன் கடிதத்தைக் கொடுத்தார். அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதியை உறுதி செய்தார். ராஜினாமாக்களை ஏற்க வேண்டாம் என்று ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு இருவரும் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

திரும்பப் பெற்றார்களே என்று எங்கள் தலைமுறையில் கேலி செய்தவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. நாற்காலியில் இருந்துகொண்டு, அது போனாலும் போகட்டும் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தமிழர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிச்சமாகும். அவர் பின்னால் எத்தியோப்பியாவுக்குத் தூதராகப் போனார். 1971-இல் திருத்தணித் தொகுதியிலும், 1977-இல் அரக்கோணத்திலும் எம்.பி. ஆனார். எங்கள் ரயில் பாதையின் அந்தக் கோடிக்கே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். 1992-இல் காலமானார்.

சாஸ்திரிக்குப் பிறகு விபத்துக்காகப் பதவி விலகி, விலகல் ஏற்கப்பட்ட ரயில்வே மந்திரி என்றால் நிதீஷ் குமார். 1999 ஆகஸ்டில் மேற்கு வங்காளம் கைசால் விபத்துக்குப் பிறகு. வேறு சிலர் கடிதம் கொடுத்தார்கள், ஏற்கப்படவில்லை. 2011 செப்டம்பரில் நம் அரக்கோணத்தைத் தாண்டிச் சித்தேரியில் நின்ற வண்டியின் மேல் வண்டி மோதிப் பத்துப் பேர் இறந்தார்கள். 2023 ஜூன் 2 அன்று பாலசோர், நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் வயர்களை மாற்றி இணைத்ததுதான் காரணம் என்று பாதுகாப்பு ஆணையர் அறிக்கை கொடுத்தார். மெயின் லைனுக்கு சிக்னல் கிடைத்த வண்டி லூப் லைனில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. கவரைப்பேட்டையிலும் வண்டி அதே மாதிரிதான் லூப் லைனில் புகுந்தது.

மந்திரி விலகினால் சிக்னல் சரியாகிவிடுமா என்று எங்கள் பெஞ்சிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சாஸ்திரி விலகியதால் எந்தப் பாலமும் உறுதியாகவில்லை. ஆனால் அவர் விலகும் முன் சபையில் எழுந்து நின்றார், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்கள் அவரும் அழகேசனும். என் தகப்பனார் நடந்த பாதைக்கும் டெல்லிக்கும் நடுவில் அப்படி ஒரு கயிறு இருந்தது. 1924-இலிருந்து தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட்டை 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் ஸ்டேஷனுக்கு என்ன வரும் என்று ரேடியோ முன் உட்காருவோம், அதுவும் இப்போது கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அரக்கோணம் வரை கரன்ட் கம்பி இழுத்தார்கள். நாங்கள் அதைக் கேட்டு வாங்கினோம் என்று இப்போதும் பெருமை பேசுவோம், கேட்டது யார், கொடுத்தது யார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாவிட்டாலும்.

தகப்பனார் ஓய்வு பெற்ற நாளில் கேங்கில் இருந்தவர்கள் ஒரு சால்வையும் எவர்சில்வர் குடமும் கொடுத்தார்கள். பேட்ரோல் விளக்கை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார், அது ரயில்வே சொத்து. புத்தகம் ஒன்று மட்டும் எப்படியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் நேரமும் கையெழுத்தும்தான், வேறொன்றும் இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவருடைய கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரிக் கோணலாக இருக்கிறது. அவர் யார் என்று தகப்பனாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.